பொய்க்கட்டியும் மெய்ப்பலியும்

பாரிசவாத நோயாளரின் மூளை நாடியை அடைத்த குருதிக்கட்டியை இழுத்தெடுக்கும் கருவிகளின் பயன் 2015இல் வெளியான ஆய்வுகளால் உறுதிப்பட்டது. மனிதரிடம் செல்லுமுன் அவை பெரும்பாலும் பன்றியிலே சோதிக்கப்படுகின்றன. பன்றியின் மூளைக்கான வழியை நுண்ணாடி வலையொன்று மறிப்பதால், கட்டி கழுத்து நாடிகளிலே செலுத்தப்படுகிறது. குருதியைத் திரொம்பினால் உறையவைத்து ஆக்கிய கட்டி அது. செங்குழியம் மிகுந்தால் மென்மையாகும்; பைபிரின் மிகுந்தால் இறுகி நாடிச்சுவரைப் பற்றிக்கொள்ளும்.

மென்கட்டியை மட்டும் எடுத்துக் கருவியைப் புகழ்தல் எளிது. அவ்வாறாயின் அப்பன்றி மாண்டது எதன்பொருட்டு? விலங்குப் பரிசோதனையை அடியோடு மறுப்போரின் வாதம் வேறு. அதனை ஏற்போரிடமே இவ்வினாவை விடுக்கிறேன். நோயாளரிடம் காணப்படும் வன்கட்டியை ஒத்ததை ஆக்குவது அவ்வுயிருக்குச் செலுத்தவேண்டிய கடனாகும். கருவி கட்டியைப் பற்றும் திறனைச் சிலிக்கோன் குழாயிலேயே பெரிதும் அறியலாம். நாடிச்சுவர் படும் காயத்தை அறியவே உயிருள்ள நாடி வேண்டும். அதற்கு மேலும் ஒரு பன்றியைக் கேட்பவர் காரணங் கூறட்டும்.