ஓட்டமும் ஒழுக்கமும்

ஒரு மனிதன் ஆற்றிய அருஞ்செயலைப் பின்னாளில் அவன் புரிந்த குற்றம் அழித்துவிடுமா? வினா பழையதுதான். ஆயினும் அமெரிக்க ஓட்ட வீரர் பாப் ஹேஸின் வரலாற்றைப் படித்த நாள்முதல் அது நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

1942-ஆம் ஆண்டு ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். நிறவேற்றுமை கோலோச்சிய காலம் அது. கறுப்பின மாணவர்களுக்கென அமைந்த ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கின் நூறு மீட்டர் இறுதிப் போட்டியில் அவருக்கு வாய்த்ததோ முதலாம் தடம். முன்னர் நடந்த நடைப்பந்தயத்தால் கிளறுண்டு கிடந்த கரித்துகள் தரை. காலணிகளுள் ஒன்று காணாமற்போகவே, மற்றொரு வீரரிடம் இரவல் பெற்று அணிந்துகொண்டு ஓடினார். பத்தே விநாடிகளில் எல்லையைத் தொட்டு உலக சாதனையைச் சமன் செய்தார். தொடரோட்டத்திலோ, பின்தங்கிக் கிடந்த தம் அணியைக் கடைசி நூறு மீட்டரில் முன்னுக்குக் கொணர்ந்து இரண்டாவது தங்கத்தையும் வென்றார்.

அத்துடன் ஓட்டப் பந்தயத்துக்கு விடை கொடுத்தார். ஊதியம் பெற்று விளையாடுவோருக்கு அந்நாளைய ஒலிம்பிக்கில் இடமில்லை. 1965 முதல் டல்லஸ் கவ்பாய்ஸ் என்னும் கால்பந்து அணியில் ஊதியத்துக்கு ஆடினார். இது நாமறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதற்கு ஏன் காலின் பெயரைச் சூட்டினார்களோ! வேகம் மட்டும் இருந்தால் அதில் வென்றுவிட முடியாது. ஓடிக்கொண்டே பந்தைப் பற்றவேண்டும்; மோதி வீழ்த்த வருவோரையும் தாங்கவேண்டும். முதலாண்டிலேயே நாற்பத்தாறு பந்துகளைப் பற்றி, ஆயிரம் கஜத்துக்கு மேல் முன்னேறினார் ஹேஸ். ஆளுக்கு ஆள் காவல் நிற்கும் முறையால் அவரைத் தடுக்க இயலாத எதிரணியினர், களத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் காக்கும் முறையை நாடலாயினர். 1972 ஜனவரியில் அவருடைய அணி சூப்பர் பவுல் கோப்பையை வென்றது. ஒலிம்பிக் தங்கத்தையும் அக்கோப்பைக்குரிய மோதிரத்தையும் ஒருங்கே பெற்ற முதல் மனிதர் அவரே.

பிறகு வந்தது வீழ்ச்சி. 1975-உடன் ஆட்ட வாழ்வு முடிந்தது. 1979-இல் போதைப்பொருள் விற்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து மாதங்கள் சிறையிலிருந்தார். ஹால் ஆஃப் ஃபேம் எனப்படும் புகழ் மண்டபத்தின் கதவு அவருக்குத் திறக்கவேயில்லை. அந்தச் சிறைவாசமே காரணம் எனப் பலரும் கருதினர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதனை எதுவும் வென்றதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் அதனை முந்திவிட்டது. தோழர்கள் வருந்தினர். உலகில் உயர்ந்த எதனையும் தாழச் செய்வது அல்லாஹ்வின் நியதி என அண்ணலார் தேற்றினார்கள். ஹேஸின் கதையைப் படித்தபோது நமக்கு முதலில் நினைவு வந்தது இதுதான். ஆனால் இது போதிய விடையன்று. ஒட்டகம் தோற்றது; குற்றம் செய்யவில்லை.

மத்ரஸாவில் ஓதிய நாளில் நாம் கண்ட ஒரு நுட்பம் இங்கே உதவுகிறது. ஹதீஸை அறிவிப்பவரின் ஒழுக்கத்தை நம் இமாம்கள் துருவித்துருவி ஆராய்ந்தார்கள். அவருடைய வாக்கை நம்பியே செய்தி நிற்பதால். அதே கல்வி மரபில்தான், அரபுச் சொல்லொன்றின் பொருளை நிறுவ இம்ரவுல் கைஸின் கவிதையைச் சான்று காட்டினார்கள். அவர் இஸ்லாத்துக்கு முந்தியவர், மதுவும் மங்கையரும் பாடியவர் என்பதெல்லாம் அங்கே குறுக்கே வரவில்லை. மொழி அவருடைய நல்லொழுக்கத்தை நம்பி நிற்கவில்லை. டோக்கியோவில் கடிகாரம் காட்டிய பத்து விநாடியும் அத்தகையதே. அதற்கு ஹேஸ் சாட்சி சொல்லத் தேவையில்லை. அறிவிப்பாளரை நிறுக்கும் தராசில் கவிஞரை நிறுத்தால் எடை எப்படிச் சரிவரும்?

குற்றம் சிறியதென்று சொல்ல நாம் முன்வரவில்லை. போதை விற்பவன் பிறர் வீட்டுப் பிள்ளையின் அறிவை விற்கிறான். அவன் சிலையைப் பார்த்து நம் பிள்ளைகள் என்ன கற்பார்கள் என்று ஒரு தாய் கேட்டால், அவ்வினாவை நாம் ஒதுக்கிவிட இயலாது. ஓட்டத்தையும் சொல்லுங்கள், சிறையையும் சொல்லுங்கள் என்பதே அத்தாய்க்கு நாம் கூறக்கூடியது. பாதியை மறைத்துப் போற்றுவதும் பாதியை மறைத்துத் தூற்றுவதும் ஒரே பொய்தான்.

மது அருந்தியதற்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் முன் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்ட ஒரு தோழரைப் பற்றி ஹதீஸில் காண்கிறோம். அவர் அண்ணலாரைச் சிரிக்க வைப்பவர். தண்டனை நிறைவேறியது. அருகிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். அண்ணலார் தடுத்தார்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். தண்டனையை அண்ணலார் தடுக்கவில்லை, சாபத்தையே தடுத்தார்கள் என்பதை நாம் கவனிக்கவேண்டும். தண்டனைக்கு ஓர் அளவுண்டு. இகழ்ச்சிக்கு ஏது அளவு? ஹேஸ் நம் மார்க்கத்தவர் அல்லர்தாம். ஆயினும் ஒரு கூட்டத்தார்மீது கொண்ட வெறுப்புகூட நீதியினின்றும் பிறழச் செய்யலாகாது எனக் கற்றவர்கள் நாம். நீதிமன்றம் விதித்த சிறை 1980-இலேயே முடிந்துவிட்டது. மற்றவர்கள் விதித்ததோ முப்பதாண்டுகளை எட்டியது.

2001-ஆம் ஆண்டு டல்லஸ் அணி தன் விளையாட்டரங்கில் அவருடைய பெயரைப் பொறித்தது. நோயுற்றிருந்த ஹேஸ் அதைக் கண்ணாரக் கண்டார். மறு ஆண்டு செப்டம்பரில், பிறந்த ஊரிலேயே, ஐம்பத்தொன்பதாம் வயதில் காலமானார். புகழ் மண்டபம் அவரை ஏற்றது 2009-இல். அந்தச் சிறப்பைக் குடும்பத்தார் பெற்றுக்கொண்டனர்.