நான்காவது நாணயம்

அருமை என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. சிறப்புடையது என்பது ஒன்று. எளிதிற் கிட்டாதது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுதானா என்னும் வினா, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொடக்ககாலப் பொற்காசுகளைப் பற்றிப் படித்தபோது நமக்கு எழுந்தது. பழங்காசு சேர்ப்போர் உலகம் நமக்குத் தொலைவானதே. எனினும், மனம் பொருளைப் பற்றும் வகையை அவ்வுலகம் தெளிவாகவே காட்டுகிறது.

அந்நாட்டின் நாணயச் சட்டம் 1792ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பிலடெல்பியா நாணயச்சாலையிலிருந்து முதற் பொற்காசுகள் 1795இல் வெளிவந்தன. பத்து டாலர் காசுக்குக் கழுகு என்றும், ஐந்து டாலர் காசுக்கு அரைக்கழுகு என்றும் பெயர். 12 பங்கில் 11 பங்கு தூய பொன். கழுகின் எடை 17.5 கிராம். தொடக்கத்தில் அவற்றின்மேல் மதிப்பைக் குறிக்கும் எண் பொறிக்கப்படவில்லை. எடையும் மாற்றுமே மதிப்பு. உரைகல்லில் உரைத்துப் பொன் வாங்கிய நம் முன்னோர்க்கு இது வியப்பாகத் தோன்றியிராது.

அந்த நிறைவான பொன்னே அவற்றுக்குக் கேடாய் முடிந்தது. ஒரு பங்கு பொன்னுக்கு 15 பங்கு வெள்ளி என்று சட்டம் வகுத்திருக்க, ஐரோப்பாவில் அதனினும் கூடுதல் வெள்ளி கிடைத்தது. ஆகவே காசுகள் கப்பலேறி, அயல்நாட்டு உலைகளில் உருகின. 1834இல் புதிய சட்டம் காசின் பொன்னளவைக் குறைத்தது. பழங்காசில் அதன் முகமதிப்பைவிட மிகுதியான பொன் இருந்தமையால், எஞ்சியவற்றுள்ளும் பல உலைக்கே சென்றன.

1822ஆம் ஆண்டு அரைக்கழுகையே எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு அடிக்கப்பட்டவை 17,796 என்கிறது நாணயச்சாலைக் கணக்கு. இன்று அறியப்படுவன மூன்றே. இரண்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் நாட்டின் உடைமையாக உள்ளன. மூன்றாவது 1982இல் 6,87,500 டாலருக்கு ஏலம் போயிற்று; 2021இல் 84 லட்சம் டாலருக்கு. இடைப்பட்ட 39 ஆண்டுகளில் அக்காசில் ஒரு குன்றிமணிப் பொன்னும் கூடவில்லை.

அருமையோடு காசின் நிலையும் விலையைத் தீர்மானிக்கிறது. செப்புக் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் வெளியிட்ட ஓர் அளவுமுறை பின்னர்ப் பொற்காசுகளுக்கும் வந்தது. 1 முதல் 70 வரை அதன் படிகள். 60க்கு மேற்பட்டவை எவர் கையிலும் புழங்காதவை. இங்கு நாம் சற்றே தயங்கி நின்றோம். ஒருவனுக்குக் கூலியாகி, இன்னொருவன் வீட்டுக்குத் தானியமாகி, முகத்தின் மேடெல்லாம் தேய்ந்த காசு கீழ்ப்படியில் கிடக்கிறது. பெட்டியினின்றும் வெளிவராத காசு மேற்படியில் அமர்கிறது. காசு எதற்காக அடிக்கப்பட்டதோ அப்பணியைச் செய்யாமையே அதற்குச் சிறப்பாகிறது!

இத்துறையில் பாராட்டத்தக்க நேர்மையும் இல்லாமலில்லை. அக்காலத்தில் எடை மிகுந்த பொன்வில்லைகளை அச்சிடுமுன் அரத்தால் அராவிச் சரிசெய்தனர். அந்த அரத்தழும்பு பல காசுகளில் இன்றும் தெரிகிறது. பிறவியிலேயே வந்ததென்று அறிந்தோர் அதனைப் பொறுத்துக்கொள்கின்றனர். பின்னாளில் ஒருவன் காசைத் துலக்கிப் பளபளப்பாக்கினாலோ, அதனைக் குறையாகவே கொள்கின்றனர். பொய்யான ஒளியினும் மெய்யான மங்கலே மேல் என்னும் அவர்தம் தீர்ப்பு நமக்கும் உடன்பாடே.

இனி நம் வினாவுக்கு வருவோம். நாளையே ஏதோவொரு பழம்பேழையில் நான்காவது அரைக்கழுகு ஒன்று கிடைக்கிறதென்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதை உடையவரின் காசு எடையிற் குறையாது, மாற்றிற் குறையாது, எழிலிலும் குறையாது. ஆயினும் அவர் உள்ளம் சற்றேனும் வாடுமன்றோ? அவர் இதுவரை போற்றியது காசை மட்டுமன்று, பிறரிடம் அஃது இல்லாமையையும்தான். தத்துவார்த்த சூத்திரம் பரிக்கிரகத்தைப் பொருளின் அளவால் வரையறுக்காமல் மூர்ச்சை என்னும் மயக்கத்தால் வரையறுத்தது எத்துணை நுட்பம் என்பது இங்கே விளங்குகிறது. ஒரு விரல்நுனியில் அடங்கும் பொருளிலும் அம்மயக்கம் முழுமையாய்க் குடிகொள்ளும்.

சேர்ப்போர் பேணியிராவிடில் அந்த மூன்றாவதும் உருகியிருக்கக்கூடும் என்று அன்பர் சிலர் கூறுவர். மறுக்க இயலாத கூற்றே. ஸ்மித்சோனியனில் உள்ள இரண்டனுள் ஒன்றும் ஒரு சேர்ப்பாளரிடமிருந்து வந்ததுதான். ஜோசையா லில்லி திரட்டிய ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பொற்காசுகளோடு அது 1968இல் அங்குச் சேர்ந்தது. முழுத் தானமென்று அதனைக் கூறிவிட முடியாது. அவர் மறைவுக்குப்பின் சொத்துமீதான வரியில் ஈடுசெய்துகொள்ளத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. எவ்வாறாயினும், அக்காசுக்கு இப்போது ஏலமில்லை. நான்காவது கிடைத்ததென்னும் செய்தி அங்கு எட்டுமாயின், அதனைக் காண வேண்டுமென்னும் ஆவலே பெரிதாய் எழும்.