குல இலச்சினை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அயல்நாட்டில் வளரும் நம் பேரன், தன் பள்ளிப் பாடத்திற்காக, “தாத்தா, நம் குடும்பத்திற்கு இலச்சினை உண்டா?” என்று தொலைபேசியில் கேட்டான். கீழ்பென்னாத்தூர்த் திண்ணையில் அமர்ந்திருந்த நமக்கு உடனே விடை தோன்றவில்லை. திருவிதாங்கூர் அரச குலத்தின் வலம்புரிச் சங்கே நினைவுக்கு வந்தது.

இருபுறமும் யானைகள் நிற்க, நடுவே சங்கு விளங்குவது அவ்விலச்சினை. “தருமமே எங்கள் குலதெய்வம்” என்பது அதன் வாசகத்தின் பொருள். 1888இல் வெளிவந்த அந்நாட்டு அஞ்சல் தலையிலும், அதன் காசுகளிலும் சங்கையே பொறித்தார்கள். இது வெற்றிச் செருக்கின் குறியோ எனில், அன்று. 1750இல் மார்த்தாண்டவர்மர், தாம் வென்ற நாடு முழுவதையும் திருவனந்தபுரத்து எம்பெருமானுக்குத் தானமாகச் சமர்ப்பித்தார். பின்னர் ‘பத்மநாபதாஸர்’ என்ற பெயருடன் அவன் பொருட்டே ஆண்டார். நம்மாழ்வார் திருவாய்மொழி பத்தாம் பத்தில் மங்களாசாஸனம் செய்தருளிய திவ்யதேசமன்றோ அது! ஆகவே அச்சங்கு உடைமையாளனின் முத்திரை, அரசனோ உடைமை.

வங்கியில் பணியாற்றிய நமக்கு இது எளிதில் விளங்கும். பெட்டகச் சாவி நம் கையில் இருந்தது, பணம் நம்முடையதன்று. முத்திரையை நாம் குத்தினோம். அதிலிருந்த பெயர் நம்முடையதன்று. ஓய்வு பெற்ற நாளில் இரண்டையும் ஒப்படைத்து வெறுங்கையுடன் வீடு திரும்பினோம்.

அப்படியானால் நம் குல இலச்சினை யாது? ஸமாச்ரயணத்தில் ஆசார்யன் வலத்தோளில் சக்கரமும் இடத்தோளில் சங்கும் பொறித்தருளினாரே, அதுவே. திருப்பல்லாண்டின் ஏழாம் பாசுரத்தில் பெரியாழ்வார், திருச்சக்கரப் பொறி பெற்றுத் தலைமுறை தலைமுறையாக ஆட்செய்வோரைப் பேசுகிறார். பொறி பெறுவதோடு அவர் நிறுத்தவில்லை. ஆட்செய்தலையும் சேர்த்தே அருளினார். சேஷத்வம் ஸ்வரூபம், கைங்கர்யம் அதன் பயன்.

இங்குதான் நாம் தலைகுனிகிறோம். அலுவல் மிகுதியைக் காரணம் காட்டி முப்பது ஆண்டுகள் நித்யாநுஸந்தானத்தை விட்டோம். நம் மகன் அதைக் கேட்டதேயில்லை. பேரன் எங்ஙனம் அறிவான்? தோளில் தழும்பு மங்கியது வயதினால். குடியில் மங்கியது நம்மால்.

“உண்டு, குழந்தாய், சங்கும் சக்கரமும்” என்றோம். “அதற்கு என்ன பொருள்?” என்றான். “நாம் யாருடையவர்கள் என்பது” என்றோம். இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் திருப்பல்லாண்டு ஸந்தை சொல்கிறோம். சென்ற வாரம், அவனோடு அவன் தந்தையின் குரலும் கேட்டது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.