பதிவுத் தபாலில் போன ஒரு கடிதம்

கொச்சியின் வைட்டிலா சந்திப்பில் மாலை நெரிசல் முற்றும்போது ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "கண்டிப்பான ஒரு ஆள் கையில அஞ்சு வருஷம் நாட்டைக் குடுத்துப் பாருங்க, எல்லாம் தானா சரியாயிடும்." ஆட்டோக்காரர் சொல்வார், பஸ்ஸுக்கு நிற்பவர் தலையாட்டுவார். மேம்பாலம் வந்தது, மெட்ரோ வந்தது. இந்தப் பேச்சு மட்டும் ஓயவில்லை. இங்கே குடியிருக்கும் எனக்கு அவர்களின் அலுப்பு நன்றாகவே புரிகிறது. நேரத்துக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பதில் என்ன தவறு? ஆனால் கேள்வி கேட்க முடியாத ஒருவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்து ஒழுங்கை வாங்கினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதைக் கேரளம் ஏற்கெனவே கண்டிருக்கிறது.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. 1977 மார்ச் 21 வரை நீடித்தது. அந்த நாட்களைப் பற்றிப் பெரியவர்கள் பலரும் இன்றும் நல்லவிதமாகவே பேசுவார்கள்: பஸ் நேரத்துக்கு வந்தது, அலுவலகத்தில் ஆள் இருந்தது, கடையடைப்பு இல்லை. பத்திரிகைகள் தணிக்கையில் இருந்ததால் கெட்ட செய்தியும் கண்ணில் படவில்லை. 1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா, நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த இந்திரா காந்தியை வீழ்த்தியது. கேரளமோ ஆளுங்கூட்டணிக்கு 20 மக்களவைத் தொகுதிகளையும் அள்ளிக் கொடுத்தது. சட்டமன்றத்தில் 140-க்கு 111 இடம். அடக்குமுறை பெரும்பாலானவர்களின் வாசலுக்குத் தடியோடு வருவதில்லை, வசதியோடு வருகிறது. அடி விழுவது வேறு யாரோ ஒருவருக்கு. அந்த அலறல் நமக்குக் கேட்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை.

கோழிக்கோடு வட்டாரப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் அப்படி அடிபட்டவர். 1976 பிப்ரவரி கடைசியில் காயண்ணா காவல் நிலையத்தை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். மார்ச் 1 அதிகாலை, கலைவிழாவுக்குப் போய்த் திரும்பிய ராஜனை அந்தத் தாக்குதல் தொடர்பாகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயத்தில் விசாரணை முகாம். அங்கே பெஞ்சில் படுக்கவைத்துத் தொடைமேல் உலக்கையை உருட்டினார்கள்.

கல்லூரி முதல்வர் பகாவுதீன் அன்று ஒரு காரியம் செய்தார். உங்கள் மகனைப் போலீஸ் அழைத்துப் போயிருக்கிறது என்று ராஜனின் தந்தை, இந்திப் பேராசிரியர் ஈச்சர வாரியருக்குப் பதிவுத் தபாலில் எழுதினார். நெருக்கடி நிலையில், நக்சலைட் வழக்கில், போலீஸ் பிடித்த மாணவனைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க ஆயிரம் காரணம் இருந்தது. தன்னிடம் படிக்கும் பையனைக் கொண்டுபோனால் பெற்றவருக்குச் சொல்ல வேண்டியது தன் கடமை என்று மட்டும் அவர் நினைத்தார்.

வாரியர் மகனைத் தேடி அலைந்தார். உள்துறை அமைச்சர் கருணாகரனைப் பார்த்தார். முதலமைச்சர் அச்சுத மேனனிடம் முறையிட்டார். குடியரசுத் தலைவர் வரை மனு எழுதினார். நீதிமன்றத்தின் கதவும் அடைந்து கிடந்தது. 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்திருந்தது. மாறுபட்ட அந்த ஒருவர் நீதிபதி எச். ஆர். கன்னா. தலைமை நீதிபதி பதவி அடுத்து அவருக்கு வந்திருக்க வேண்டும். அது பணியில் அவரைவிட இளையவருக்குப் போனது.

நெருக்கடி நிலை விலகிய அந்த மார்ச்சிலேயே வாரியர் எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்தை அணுகினார். வைட்டிலாவிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ராம் மோகன் அரண்மனைக் கட்டடத்தில்தான் அப்போது நீதிமன்றம் நடந்தது. கருணாகரன் அதற்குள் முதலமைச்சராகியிருந்தார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்றது அரசு. கல்லூரி முதல்வரும் மாணவர்களும் முகாமில் அடைபட்டிருந்தவர்களும் கண்டதைச் சொன்னார்கள். நீதிபதிகள் சுப்ரமணியன் போற்றியும் காலிதும் அரசின் பேச்சை ஏற்கவில்லை. ராஜனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று ஏப்ரல் 13 அன்று உத்தரவிட்டார்கள். கொண்டுவர ராஜன் இல்லை. முகாமில் இறந்துவிட்டார் என்று அரசு பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஏப்ரல் 25 அன்று கருணாகரன் பதவி விலகினார். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

சாமானியன் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் இந்த வழக்கைத்தான் சொல்வேன். இதில் யாரும் ஆயுதம் எடுக்கவில்லை, மேடை போடவில்லை. ஒருவர் எழுதி அனுப்பினார், ஒருவர் கேட்பதை நிறுத்தவில்லை, சிலர் கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். தமிழ்நாட்டிலும் இப்படித்தான். சென்னை மத்தியச் சிறையில், விசாரணையின்றி அடைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்ட கைதிகள் பட்ட அடியை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னாளில் விசாரித்தபோது, அடிபட்டவர்களின் வாக்குமூலமே அதிகாரத்தின் மறுப்பை எதிர்த்து நின்றது. அந்தக் கைதிகளில் ஒருவரான சிட்டிபாபு அதற்குள் உயிரையே விட்டிருந்தார்.

எந்தக் கட்சி ஆள்கிறது என்பதை வைத்து இந்த ஆபத்தை அடையாளம் காண முடியாது. 2020 நவம்பரில் கேரளத்தின் இடது முன்னணி அரசு காவல்துறைச் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. இணையத்தில் பெண்கள் இழிவுபடுத்தப்படுவதைத் தடுப்பது நோக்கம் என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் எந்த ஊடகத்தில் எழுதியதும் 'இழிவு' என்று சொல்லப்பட்டால் மூன்றாண்டு வரை சிறை என்று வாசகம் விரிந்தது. புகார் இல்லாமலே போலீஸ் வழக்குப் போடலாம். இதே சட்டத்தின் 118(டி) பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், எதிர்க்கட்சிகள், அந்த அரசுக்கு வாக்களித்தவர்கள் என எல்லாத் தரப்பிலும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே அரசு சட்டத்தைத் திரும்பப் பெற்றது. தாங்கள் தேர்ந்தெடுத்த அரசைத் தாங்களே தடுத்த அந்த வாக்காளர்களை நான் பெரிதும் மதிக்கிறேன். எதிரி செய்தால் கொதிப்பதும் நம்மவர் செய்தால் காரணம் தேடுவதும்தான் எதேச்சாதிகாரம் வளரும் மண்.

கைதானவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. கைதைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 1996-இல் டி. கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. இவை ஏட்டில் இருப்பதால் மட்டும் யாரையும் காப்பாற்றாது; கேட்க ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனை ஜீப்பில் ஏற்றினால் அவன் நம் சாதியா, நம் கட்சியா என்று பார்க்க வேண்டாம். எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு என்று கேட்போம். தேதியையும் நேரத்தையும் குறித்துவைப்போம், அவன் வீட்டுக்குச் சொல்வோம், நாளை நீதிமன்றம் கேட்டால் போய் நின்று சொல்வோம். பகாவுதீன் செய்தது இவ்வளவுதான். ராஜனின் உயிரை அது காப்பாற்றவில்லை. ஆனால் ராஜனைப் பிடிக்கவே இல்லை என்ற பொய்யை ஓர் அரசாலும் நிலைநிறுத்த முடியாமல் செய்தது.