யோசனையும் பங்கும்

மூவார்ப் பட்டணத்துக் கடைத்தெருவிலே, ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தேநீர்க்கடை ஒன்றில் அரைமணி நேரம் அமர்ந்திருப்பவர்க்கு, இந்நாட்டின் நோய்களுக்கு மருந்தில்லையே என்னும் கவலை வேண்டியதேயில்லை. மேசைக்கு ஒரு மருந்து கிடைக்கும். லஞ்சம் வாங்கியவனைத் தூக்கிலிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் ஒருவர். மந்திரிகளின் சம்பளத்தைப் பாதியாக்கினால் விலைவாசி இறங்கிவிடும் என்பார் மற்றொருவர். அந்நியத் தொழிலாளரைக் கப்பலேற்றிவிட்டால் நம்மவர் கூலி உயர்ந்துவிடும் என்பார் மூன்றாமவர். "இதற்கெல்லாம் பெரிய படிப்பு எதற்கு? சாதாரண அறிவு போதாதா?" என்று இன்னொருவர் முடித்துவைப்பார். பிறகு கோப்பை காலியாகும். அவரவர் வீடு திரும்புவர். நாடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இவர்களை எள்ளி நகையாடுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. அந்த மேசைகளில் நாமும் அமர்ந்திருக்கிறோம். நாமும் மருந்து சொல்லியிருக்கிறோம். நாம் இங்கு விசாரிக்க விரும்புவது யாதெனில், சாதாரண அறிவினால் ஒரு நாட்டைத் திருத்த முடியுமா என்பதும், முடியுமாயின் கடைத்தெருவில் நாள்தோறும் பெருகுகின்ற அவ்வறிவு ஏன் பயன் தருவதில்லை என்பதுமேயாம்.

நம் ஊர் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். 1967-ஆம் ஆண்டில் சுல்தான் இஸ்மாயில் பாலம் திறக்கப்படும்வரை, மூவார் ஆற்றைக் கடக்கவேண்டிய வண்டிகள் அவற்றை ஏற்றிச்செல்லும் படகுக்காகக் கரையில் காத்துக் கிடந்தன. "இங்கே ஒரு பாலம் வேண்டும்" என்பது கரையில் நின்ற சிறுபிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அது தெரிந்ததனால் மாத்திரம் பாலம் வந்துவிடவில்லை. ஒருவர் ஆற்றின் ஆழத்தை அளக்கவேண்டியிருந்தது, ஒருவர் செலவைக் கணக்கிடவேண்டியிருந்தது, பணத்தைத் திரட்டவேண்டியிருந்தது. இன்னது வேண்டும் என்று அறிவது முதற்படி. அந்தப் படியில் நின்றுகொண்டே மாடிக்கு ஏறிவிட்டதாக எண்ணுவதுதான் நமது குற்றம்.

நிற்க. சாதாரண அறிவு உண்மையாகவே வேலை செய்த ஒரு காலம் நம்மவர் சரித்திரத்தில் உண்டு. அதனை இளைஞர் பலர் அறியார். அறிந்தவரும் மறந்து வருகின்றனர்.

1950-களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் "துண்டாடல்" என்னும் சொல் இடிபோல் விழுந்தது. வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்று லாபம் கண்டனர். சில ஏக்கர் வாங்கியவனுக்கு லயமும் வேண்டாம்; மருந்துச்சாலையும் வேண்டாம்; தமிழ்ப் பள்ளிக்கூடமும் வேண்டாம்; பழைய வேலையாட்களில் பெரும்பாலோரும் வேண்டாம். வேலை போனால் லயத்து வீடும் போகும். தாத்தா காலத்திலிருந்து அதே மண்ணில் பால்வெட்டி வந்த குடும்பம், ஒரே கையெழுத்தினால் மூட்டை முடிச்சுகளோடு சாலையோரம் வந்து நின்றது.

அப்பொழுதும் யோசனைகளுக்குக் குறைவில்லை. சர்க்கார் தடுக்கவேண்டும் என்றனர். முதலாளிகளுக்கு இரக்கம் வேண்டும் என்றனர். இரண்டும் நியாயமான யோசனைகளே. எனினும் இரண்டுக்கும் பொதுவான ஓர் இலக்கணம் உண்டு. செய்யவேண்டியவர் வேறொருவர், சொல்பவர் செய்யவேண்டியது ஒன்றுமில்லை.

1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் ஒரு யோசனை சொன்னார். அப்பொழுது அவர் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவர், மந்திரிசபையிலும் இருந்தவர். தோட்டங்கள் விற்கப்படுகின்றன என்றால், அவற்றை நாமே ஏன் வாங்கக்கூடாது என்பதே அந்த யோசனை. கேட்டவர் பலர் சிரித்திருப்பர். நாட்கூலி வாங்குகிறவன் தோட்டம் வாங்குவதா? ஆனால் அவர் கணக்குப் போட்டார். ஒருவனிடம் தோட்டத்தின் விலை இல்லை. பத்து வெள்ளி உண்டு. பத்துப் பத்தாகச் சேர்த்து ஒருவன் நூறு வெள்ளி போடுவானாயின், பதினாயிரம் பேரிடமிருந்து பத்து லட்சம் வெள்ளி சேருமன்றோ? தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இவ்வாறு பிறந்தது. தோட்டம் தோட்டமாகச் சென்று லயத்து வாசல்களில் பேசி அவர் அங்கத்தினரைச் சேர்த்தார். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். பின்னும் பல தோட்டங்கள் அதன் கைக்கு வந்தன. பிறர் மரத்தில் பால் வெட்டியவன், தனக்கும் பங்குள்ள மரத்தில் வெட்டலானான்.

இந்த யோசனைக்கும் தேநீர்க்கடை யோசனைக்கும் உள்ள பேதம் என்ன? புத்திக்கூர்மையில் பேதமில்லை. "பலர் சேர்ந்தால் வாங்கலாம்" என்பது குழந்தைக்கும் விளங்கும். மூன்று காரியங்களிலேதான் பேதம் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, எண்ணிப் பார்த்தல். துண்டாடலைப் பற்றி எல்லோரும் புலம்பியபோது, 1951 முதல் 1960 வரை நடந்ததை முறையாக ஆராய்ந்து எழுதியவர் பேராசிரியர் உங்கு அஜீஸ். வறுமையை அளக்க அவர் சொன்ன வழி நம் வீட்டுப் பெண்டிர்க்கும் விளங்கக்கூடியது: குடிசைக்குள் சென்று கைலிகளை எண்ணு, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களின் தொகையால் வகுத்துப் பார், ஆளுக்கு ஒரு கைலிகூட வராவிட்டால் அந்த வீடு வறிய வீடு. மக்கா யாத்திரைக்காகக் கம்பத்து மக்கள் பணத்தை வீட்டிலே ஒளித்துவைத்துச் சேர்ப்பதையும், நிலத்தையும் மாட்டையும் விற்றுப் போய்விட்டு வறியவராய்த் திரும்புவதையும் அவர் கண்டார். வட்டி கூடாதென்பதால் அவர்கள் பாங்கியை நாடவில்லை. வட்டியில்லாத சேமிப்பு நிலையம் ஒன்று வேண்டுமென்று 1959-இல் அவர் எழுதினார். 1963-இல் அது செயற்படத் தொடங்கியபோது சேர்ந்தவர் 1,281 பேர்; சேர்ந்த பணம் 46,600 வெள்ளி. இன்று தாபோங் ஹாஜி என்று நாடறிந்த பெருநிலையம் அதுவே. அந்த யோசனையும் சாதாரண அறிவுதான். ஆனால் கம்பத்து வீட்டுக்குள் சென்று பார்த்த சாதாரண அறிவு.

இரண்டாவது, சொல்பவனும் பங்கு கொள்ளுதல். இங்கேதான் அரசியல் விஷயம் ஒழுக்க விஷயமாக மாறுகிறது. பிறர் முதுகில் மாத்திரம் பாரத்தை ஏற்றுகிற யோசனையைச் சொல்வது எளிது. அதற்கு மனச்சாட்சியின் செலவு ஒன்றுமில்லை. லஞ்சத்தைப் பழிக்கும் நாம், நமது காரியம் ஒன்று ஆபீசில் தாமதப்படும்போது "யாரைப் பார்க்கலாம்?" என்று கேட்பதில்லையா? அந்நியத் தொழிலாளி வேண்டாம் என்கிற நாம், அவன் சமைத்துக் கொண்டுவந்து வைக்கும் மலிவான சோற்றைத்தானே உண்கிறோம்? நமது யோசனை நிறைவேறினால் நாம் இழக்கப்போவது என்ன என்று ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும். விடை "ஒன்றுமில்லை" என்றிருந்தால், அது யோசனையன்று, வெறும் ஆசையே.

மூன்றாவது, கணக்குக் காட்டுதல். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டு மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் ஒரு சிறு கடை திறந்தனர். உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு அக்கடை வழிகாட்டியானது சரக்கினால் அன்று. எவ்வளவு பணம் போட்டவனுக்கும் ஒரே வாக்கு, கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வைக்கப்படும் என்ற விதிகளினாலேயே ஆனது. நம்மவரிடையே "கூட்டு" பிடிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மாதாமாதம் பணம் சேர்த்து முறைவைத்து எடுத்துக்கொள்வதில் என்ன பிழை? ஒன்றுமில்லை. ஆயினும் அதைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்ய நேர்ந்தது. நல்ல யோசனையும் கணக்கில்லாதவன் கையில் அகப்பட்டால் ஏழையின் தாலியைத்தான் தின்னும்.

இஃது இவ்வாறிருக்க, தோட்டத்து அன்பர் ஒருவர் நம்மை நோக்கிச் சினந்து கேட்கலாம்: "அரைவயிற்றுக் கூலி வாங்குகிறவனிடம் சேமிப்பைப் பற்றி உபதேசிக்கிறீரே! கூலியைக் குறைவாகக் கொடுத்தவனை விட்டுவிட்டு, வாங்கியவனையா திருத்தப் புறப்பட்டீர்?" கேள்வி நியாயமானது. இதற்கு விடை சொல்லாமல் போவது கோழைத்தனமாகும்.

தமிழ்நாட்டுச் சரித்திரமே அந்த அன்பருக்குச் சாட்சி சொல்லும். 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். எண்ணிக்கையும் இருந்தது, பங்கும் இருந்தது, தியாகமோ அளவின்றி இருந்தது. எதிர்க்கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மோதியது. சர்க்கார் அதன் பக்கம் நின்றது. 1908-இல் அவர் சிறைப்பட்டார். அவர் சிறையிலிருக்கும்போதே கம்பெனி குலைந்தது. அதிகாரம் எதிராக நிற்குமாயின், மக்கள் சேர்த்த காசு தனியே நிற்கமாட்டாது.

ஆகவே சேமிப்பு ஒரு கை. சட்டம் மற்றொரு கை. இந்நாட்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் தோன்றியது. மாதச் சம்பளம் வேண்டுமென்று அது நெடுங்காலம் போராடியது. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2013-இலேதான் நடைமுறைக்கு வந்தது. அப்பொழுது தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025-இல் அது 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இதைப் பத்து வெள்ளிச் சேமிப்பு கொண்டுவந்திராது, சட்டமே கொண்டுவந்தது. ஆனால் அச்சட்டத்தைக் கேட்டு நின்ற சங்கம் எதனால் நடந்தது? அங்கத்தினர் மாதந்தோறும் கொடுத்த சந்தாவினால்! உரிமை கேட்பதற்கும் ஒரு பங்கு செலுத்தியே தீரவேண்டும். சர்க்காரைக் குறைகூறுவதையும் சொந்தக் கையால் செய்வதையும் எதிரெதிராக வைத்துச் சண்டையிடுவோர் இதனைக் கவனிப்பாராக.

கூட்டுறவுச் சங்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்றும் நாம் கூறவில்லை. துண்டாடலை அது முழுதும் நிறுத்தவில்லை. சங்கம் வாங்கியதினும் துண்டானதே அதிகம். பின்னர் ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, நம் பிள்ளைகள் பட்டணம் சேர்ந்தனர். இன்று மூவாரில் நம்மவருக்குப் பால்மரத்தைவிட மரச்சாமான் தொழிற்சாலையே அருகில் இருக்கிறது. எனினும் அன்று தோட்டத்துச் சனங்கள் நிலைநாட்டிய உண்மை இன்றும் கெடவில்லை. படிப்பில்லை, பணமில்லை என்று தள்ளப்பட்டவர்கள், எண்ணவும் கொடுக்கவும் கணக்குக் கேட்கவும் வல்லவர்கள் என்பதே அது. யோசனைக்கு ஆள் வேறு, உழைப்புக்கு ஆள் வேறு என்ற பழைய எண்ணத்தை அவர்கள் பத்து வெள்ளியால் பொய்யாக்கினர்.

எனவே வாசக அன்பர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இவ்வளவே. நாட்டைத் திருத்தும் யோசனைகளைச் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். சாமானியர் பேசக்கூடாதென்று நாம் ஒருகாலும் சொல்லோம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேநீர்க்கடையில் எவரேனும் மருந்து சொல்லும்போது, பணிவோடு மூன்று கேள்விகள் கேளுங்கள்: "எண்ணிப் பார்த்தீர்களா? இதில் உங்கள் பங்கு எவ்வளவு? கணக்கை யாரிடம் காட்டுவீர்கள்?" இவற்றைப் பிறரிடம் கேட்பதற்கு முன்னே நம்மிடமே ஒருமுறை கேட்டுக்கொள்வது உத்தமம். விடை சொல்ல முடிந்தவர் இருவர் அம்மேசையில் இருப்பாராயின், அங்கேயே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பெயர் எழுதத் தொடங்கலாம்.