கடைக்கண்ணுக்கு உரியவர்

1993இல் வெளிவந்த 'டூம்' கணினி விளையாட்டின் ஆரம்பப் பதிப்பொன்றில், மூன்று கணினிகளை இணைத்து, முன்னும் இடமும் வலமுமாக மூன்று திரைகளில் ஒரே உலகைக் காண முடிந்தது. 2009இல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் 'ஐஃபினிட்டி'க்கு ஒரு கணினியே போதுமானதாக இருந்தது.

மனிதக் கண் மிகக் கூர்மையாகக் காண்பது நடுவிலுள்ள சுமார் 2 பாகையை மட்டுமே. ஓரம் மங்கல், ஆனால் அசைவை உடனே உணரும். விளையாடுபவர் பக்கத் திரைகளை நேரே பார்ப்பது குறைவு. எனினும் அவை இருப்பதாலேயே தாம் அவ்வுலகினுள் இருப்பதாக நம்புகிறார்.

இந்த நம்பிக்கை பொய்யென்றால் கதை வாசிப்பும் பொய்தான். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிக்கும் நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. புத்தகம் நடுப்பார்வையை மட்டுமே கேட்கிறது. ஓரம் வீட்டாருக்கு எஞ்சுகிறது. வாசலில் வந்து நிற்கும் பிள்ளை முதலில் தெரிவது அங்கேதான். மூன்று திரைகள் அந்த இடத்தையும் எடுத்துக்கொள்கின்றன. பந்தயத்தில் பக்கவாட்டில் முந்திவரும் கார் தெரிகிறது. அறையில் பக்கத்தில் நிற்பவர் தெரிவதில்லை.

மூழ்குவது குற்றமன்று. எத்தனை மணிநேரம் என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். அந்நேரத்தில் நமது கடைக்கண்ணை யாரிடமிருந்து எடுத்தோம் என்பதையும் கேட்க வேண்டுமென எண்ணுகிறேன்.