ஒடிச்சு வளர்க்கிறது

'முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்.'

உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். பிரம்பை எடுக்கும்போது வாத்தியார் சொல்லியிருப்பார். எதுகையோடு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அது உண்மைதான் என்பது நம்மூர் நம்பிக்கை. இதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதி?

முதலில் முருங்கையைப் பார்த்துவிடுவோம். கொல்லையில் ஒன்று வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சில வருஷம் கவனிக்காமல் விட்டால் மாடியைத் தாண்டிவிடும். காயெல்லாம் உச்சியில். தொரட்டிக்கு எட்டாது. கிளையோ அப்பளம் மாதிரி. ஆடிக்காற்றில் ஒரு கிளை முறிந்து பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் விழுந்தால், ஓட்டோடு இரண்டு குடும்பத்தின் சிநேகிதமும் உடையும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வேறு. ஆகவே, வெட்டத்தான் வேண்டும்.

விவசாயிகள் இதில் தயங்குவதே இல்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 செடிமுருங்கை முக்கால் மீட்டர் வளர்ந்ததுமே நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் மட்டும் விட்டுவிட்டு, மேலே மொத்தமும் காலி. நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கிறது.

எப்படி? நுனிக்கொழுந்தில் ஆக்சின் என்றொரு ஹார்மோன் சுரக்கிறது. அது கீழே இறங்கி, பக்கவாட்டு மொட்டுகளை 'சும்மா கிட' என்று அடக்கி வைக்கிறது. நுனி போய்விட்டால் அதட்ட ஆளில்லை. தூங்கிய மொட்டெல்லாம் விழித்துக்கொள்கிறது. கவனியுங்கள்: மரம் தழைத்தது அடி வாங்கியதால் இல்லை. அடக்கி வைத்திருந்த ஒன்று விலகியதால்.

அப்படியானால் பழமொழியின் இரண்டாவது பாதி தலைகீழ் அல்லவா? பிரம்பு அரிவாளின் வேலையைச் செய்யவில்லை. ஆக்சினின் வேலையைத்தான் செய்கிறது!

நான் பி.காம். ஆசாமி. எந்தச் செலவானாலும் 'யார் கணக்கில் எழுத?' என்று கேட்டுப் பழக்கம். முருங்கையை வெட்டுவதில் வரவு யாருக்கு? சாம்பாரில் மிதக்கும் காய் நமக்கு. பக்கத்து வீட்டு ஓடு தப்புவதும் நமக்கு. பாரம் தாங்காமல் அடிமரம் பிளப்பது தவிர்க்கப்படும். அதை வேண்டுமானால் மரத்தின் வரவில் வைக்கலாம். ஆனால், தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கரைத்து மறுபடி துளிர்க்கிறதே, அந்தச் செலவு முழுக்க மரத்தினுடையது. 'என் வசதிக்காக வெட்டினேன்' என்று எழுதினால் கணக்கு நேர். தப்பே இல்லை. 'மரத்தோட நல்லதுக்குத்தான்' என்று மட்டும் எழுதினால் அது பொய்க் கணக்கு.

எப்படி எழுதினால் என்ன என்கிறீர்களா? என் வசதிக்கு என்று தெரிந்தவன், காய் கைக்கு எட்டினதும் அரிவாளைக் கீழே வைத்துவிடுவான். 'உன் நல்லதுக்கு' என்று நம்புகிறவனுக்கு நிறுத்துகிற இடமே கிடையாது.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு, பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனசளவில் துன்புறுத்துவதையும் தடை செய்துவிட்டது. பிரம்பு போனது. ஆனால், வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது. பத்தாவது வந்ததும் பாட்டு கிளாஸ் கட். பிளஸ் ஒன் வந்ததும் கிரிக்கெட் கட். அவன் எடுக்க நினைத்த குரூப் வேறு, நாம் வாங்கித் தந்த குரூப் வேறு. கேட்டால், 'எல்லாம் உன் நல்லதுக்குத்தாண்டா!'

இருக்கலாம். சிலது நிஜமாகவே அவன் நல்லதுக்காக இருக்கும். சிலது, கல்யாண வீட்டில் நாலு பேரிடம் மார்க் சொல்லிக்கொள்ளும் நம் வசதிக்கு. இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நிறுத்த வேண்டிய இடம் தானாகத் தெரியும்.

முருங்கைக்குப் பேச வராது. அதனால், எங்கே வெட்டுவது என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்குப் பேச வரும். ஒரு வார்த்தை கேட்டீர்களா?